அரிசி டின்னில் கிடந்த சம்மன்

மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்குக் கடன் அட்டை கிடைக்காது. ஆண்டு வருமானம் 24,000 வெள்ளியாவது வேண்டுமென்பது பேங்க் நெகாரா 2011-ல் வைத்த விதி. அப்படியிருந்தும் கம்போங் ராஜா தேயிலைத் தோட்டங்களுக்கும், கீழே பால்மரத் தோட்டங்களுக்கும் சிவப்பு எழுத்துக் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. கடன்பட்டவர்கள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். விலாசமோ இன்னும் லயத்து விலாசம்!

கொழுந்து பறித்து ஓய்ந்த ஓர் அம்மையார், மகன் பெயருக்கு வந்த மூன்று கடிதங்களைப் பிரிக்காமலே அரிசி டின்னில் ஒளித்து வைத்திருந்தார். போலீஸ் வந்துவிடுமோ என்ற பயம். இரண்டு, வசூல் கம்பெனியின் வெறும் உருட்டல். மூன்றாவது கோர்ட்டு முத்திரையிட்ட சம்மன்.

கடன் பாக்கி சிவில் விவகாரம். அதற்குப் போலீஸ் வராது. ஜாமீன் கையெழுத்திடாத தாய் மகனுடைய கடன் அட்டைக்குப் பொறுப்பாளி அல்ல. திவாலாக்கிவிடுவோம் என்கிறார்களே, 2021 முதல் ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடனுக்குத் திவால் மனுப் போட முடியாது.

சம்மன் அப்படியல்ல. கடைசியாக அறிந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவதைச் சட்டம் ஏற்கிறது. 14 நாளுக்குள் கோர்ட்டில் ஆஜர் பதியாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடலாம். தீர்ப்பு கைக்குக் கிடைத்தபின் அதை ரத்துச் செய்யக் கேட்க 30 நாள்தான். ஆறு வருடம் கடந்த கடனென்றால் 1953-ம் வருடக் காலவரம்புச் சட்டம் துணை நிற்கும். ஆனால் அதை எதிர்வாதத்தில் நாமே எழுத வேண்டும், கோர்ட்டு தானாகச் சொல்லாது. "ஐம்பது வெள்ளியாவது கட்டுங்கள்" என்று வசூல்காரர் குழைவது எதற்கென்று இப்போது புரியும். கடன்பட்டவர் அதைக் கட்டினால் ஆறு வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும்.

வாங்கியதை ஏமாற்றும்படி நாம் சொல்லவில்லை. பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏ.கே.பி.கே. கட்டணமின்றிப் பாங்குகளோடு பேசித் தவணை அமைத்துத் தருகிறது. சம்மன் வருமுன்பே அங்கு போவது மேல்.

இதில் கிராணிமாராகிய நம் குற்றமும் உண்டு. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்திட்டு வாங்கி, சம்பள நாள் வரை ஆபீஸ் மேசையில் போட்டு வைப்பது நாமேதான்! அந்த உறையின் மேல் நாம் எழுதிய தேதியைப் பார்த்தோம். பதினான்கில் பத்து நாள் போயிருந்தது. அன்றிரவே மகனுக்கு டெலிபோன் செய்தோம். இனி பதிவுத் தபால் வந்த அன்றே லயத்துக்குப் போக வேண்டும். கோர்ட்டு முத்திரை இருந்தால் பிள்ளைக்கும் அன்றே தகவல் போக வேண்டும்.