தலையில் கரண்ட், கையில் தொழில்?

நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனிகளுக்குத் திறன் வளர்ப்புப் பேச்சு பேச வருகிற ஒருவர் இருக்கிறார். பல வருஷமாக ஒரே வசனம்: "வெளிநாட்டில் தலையில் லேசாகக் கரண்ட் விட்டு மூன்று மாதத் தொழிலை மூன்று வாரத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். நாம் இன்னும் ஹெல்பர்களோடு மாரடிக்கிறோம்." கைதட்டல் விழுகிறது. டீயும் போண்டாவும் கொடுத்தால் எதற்கும் விழும்.

அந்தக் கரண்ட் ஒன்றிரண்டு மில்லியாம்பியர்தான். 2018-ல் புசாகி என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் இறந்தவர் உடல்களில் அளந்து பார்த்தார்கள். சுமார் முக்கால் பங்கு தோலோடும் மண்டை ஓட்டோடும் நின்றுவிட்டது. மிச்சம் இருப்பதுதான் நம் பிள்ளைகளைப் பேட்லாக் டெய்லராக்கப் போகிறதாம்.

விளையாட்டு வீரர்களே இந்தக் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டார்களே என்பார். மாட்டினார்கள். ஹாலோ என்ற சான் பிரான்சிஸ்கோ கம்பெனி 2016-ல் ஹெட்போன் மாதிரி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2021-ல் மனச்சோர்வுக்குக் கருவி செய்கிற சுவீடன்காரர்களிடம் கைமாறியது. அவ்வளவு கிராக்கி!

அவர் சாய்ந்துகொள்ள ஒரு தூண் உண்டென்றால், ஜேனின் ரைஸ், லியனார்டோ கோஹன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட அமெரிக்கச் சோதனைதான். நல்ல சோதனை, குறை சொல்ல மாட்டேன். ஐந்து நாள், தினமும் 20 நிமிடம் கரண்ட். வேலை என்ன? கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு கருவியை அழுத்தி, திரையில் ஒரு குறியை வரிசையாக இலக்குகளுக்கு நகர்த்துவது. ஓவர்லாக்கில் வளைகிற துணியை இழுபடாமல் விடுவதும், நூல் அறுந்தால் கோத்து ஓட்டுவதும், கைமடிக்காரம்மா நீட்டும் பீஸை வாங்கிக்கொண்டே காலால் வேகத்தை அடக்குவதும் அதில் எங்கே இருக்கிறது?

அதுவும் போகட்டும். நிஜக் கரண்ட் வாங்கியவர்கள் போலிக் கரண்ட் வாங்கியவர்களை முந்தியது வாஸ்தவம். எப்போது முந்தினார்கள் என்பதைத்தான் பேச்சாளர் விழுங்கிவிடுகிறார். பயிற்சி நடந்த நேரத்துக்குள் இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஒருநாள் பயிற்சி முடிந்து மறுநாள் வந்து உட்காருவதற்குள்தான் வித்தியாசம் ஏறியது. பழகியது கையில் படிய இடைவெளி கேட்டது. அப்படிப்பட்ட ஆராய்ச்சியைக் கொண்டுவந்து ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற ஊரில், நேரத்தை மிச்சம் பிடிக்கிற வித்தையாக விற்கிறார். சோதனைக்கு வந்தவர்களை யாரும் ராத்திரி ஷிப்மென்ட் அவசரம் என்று நிறுத்திவைக்கவில்லை.

இந்தக் கரண்ட் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. சிலருக்குப் பலன், சிலருக்கு ஒன்றுமே இல்லை. பல ஆய்வுகளில் பார்த்ததுதான்.

இங்கே ஹெல்பர்கள் மிஷின் பழகுவது டெய்லர் டீக்குப் போகிற பத்து நிமிஷத்தில். பீஸ் கெட்டால் திட்டு. கூலியைப் பிடிக்காமல் தினமும் ஒரு மணி நேரம் மிஷினை அவர்களிடம் விடுங்கள் என்று அந்த மேடையில் அவர் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம்.