டை கட்டினால் படிப்பு வந்துவிடுமா?

சிவகாசி, திருத்தங்கல் பக்கம் காலையில் இரண்டு வகை வேன் ஓடும். ஒன்று பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும். இன்னொன்று அவர்கள் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளிக்கு ஏற்றும். (முதல் வேனில் போகிறவர் கூலிதான் இரண்டாவது வேனுக்கு டீசல்!)

அப்படி என்னதான் கிடைக்கிறது? 2011-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சமச்சீர்க் கல்வி வந்துவிட்டது. மெட்ரிக்கிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடத்திட்டம், பத்தாம் வகுப்பில் ஒரே பரீட்சை. இங்கிலீஷ் மீடியம் பல அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது. மிச்சம் டையும் ஷூவும்தான்.

தீபாவளி முடிந்தால் ஆலையில் வேலை குறையும், டேர்ம் ஃபீஸ் குறையாது. 2018-ல் பேரியத்துக்குத் தடை வந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது வட்டிக்கு வாங்கித்தானே கட்டியிருக்க வேண்டும்? ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தால் கிடைக்கும் 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடும் (2020 முதல்) போச்சு.

அதற்காகப் பெற்றோரைத் திட்டுவது அநியாயம். ஒரே டீச்சர் மூன்று வகுப்பைச் சேர்த்து உட்கார வைத்தால் யார்தான் பிள்ளையை அனுப்புவார்கள்? அங்கே வேலை பார்க்கும் வாத்தியார்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை அங்கே சேர்த்திருக்கிறார்கள்?

காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியில் நடந்த பள்ளி. ஊரே சேர்ந்து ஒரு பள்ளியைத் தாங்கியது. இன்றைக்கு அதே மாவட்டத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கடன் வாங்குகிறது. வகுப்புக்கு ஒரு டீச்சர் போடுங்கள் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்கத்தான் ஆளில்லை.