குறும்பெயரின் பொருள்

சீன வணிகர்கள் குறுகிய இணைய முகவரிகளுக்கு லட்சக்கணக்கில் டாலர் கொடுப்பது வெறும் பித்து என்றும், அர்த்தமற்ற எழுத்துக்கும் எண்ணுக்கும் மதிப்பேது என்றும் வாதிடுவோர், தமக்கு விளங்காத பாஷையில் பொருளே இல்லை என்று தீர்ப்பளிக்கிறார்கள். அதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

சீன மொழியை ரோமன் லிபியில் எழுதும் பின்யின் முறைப்படி, ஒவ்வோர் அசையின் முதலெழுத்தையும் எடுத்துக் கோத்தால் பெயர் சுருங்கிவிடும். ஜிங்தோங் என்னும் பெருவணிக நிறுவனம் 2013-இல் தன் பழைய முகவரியைக் கைவிட்டு, ‘ஜே’, ‘டி’ என்ற இரண்டெழுத்தை ஏற்றது இந்த நியாயத்தின்படியே. அம்முறையில் ‘ஐ’, ‘யூ’, ‘வி’ ஆகியவற்றில் எந்த அசையும் தொடங்குவதில்லை, ‘ஏ’, ‘ஈ’, ‘ஓ’ ஆகியவற்றில் தொடங்குவன சொற்பமே. ஆதலின் இவை கலந்த பெயர்களுக்கு அங்கே விலை தாழ்வதும் காரணத்தோடு கூடியதே.

எண்களிலோ, சீனத்தில் எட்டின் ஒலி செல்வப்பெருக்கையும், நான்கின் ஒலி மரணத்தையும் நினைவூட்டுவதை மூடநம்பிக்கை என்று தள்ளினாலும், ரயில் பயணச்சீட்டுக்கு 12306 என்ற எண்ணையே முகவரியாகத் தட்டும் கோடானுகோடி ஜனங்களின் சௌகரியத்தை எப்படித் தள்ளுவது?

2015-இல் ஊக வணிகர்கள் விலையை ஏற்றிவிட்டதும், பின்னர் அது சரிந்ததும் மெய்யே. ஆயினும் சூதாடியவர் தொட்டதனால் சரக்கு போலியாகிவிடாது. அதே ஆண்டில் சீஹூ 360 நிறுவனம் 360 என்ற முகவரியை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கியது, அந்த எண் தன் பெயரிலேயே இருந்தமையால்தான். அயலார் சந்தையை எடைபோடப் புகுவோர், முதலில் அவர்தம் மொழிக்குச் செவிசாய்ப்பதே தர்மம்.