சேவூர் ஈரல் யார் கணக்கில்?

ஹைதராபாத்தில் 345 கணினி நிறுவன ஊழியர்களைப் பரிசோதித்ததில் 84 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது. 2025-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியான இந்த எண்ணை, அதே ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் மத்திய சுகாதார அமைச்சர் ஜெ.பி.நட்டா மக்களவையில் எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து ஃபேட்டி லிவர் என்றாலே சுழல் நாற்காலி, இரவுப் பணி, பீட்சா என்று ஒரே படம்தான் ஓடுகிறது. ஐ.டி. ஊழியருக்கு நோய் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், ஆரணியை ஒட்டிய சேவூரில் தறிக்குழிக்குள் கால்களை இறக்கிக்கொண்டு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை பட்டு நெய்கிறவரும் உட்கார்ந்துதானே வேலை செய்கிறார்? அவருடைய ஈரலை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 72 சதவீதம் பெண்கள். 345 பேருக்காக நாடாளுமன்றம் வாய் திறக்கிறது. 35 லட்சம் பேருக்காகத் திறக்கவில்லை.

கொழுப்பு ஈரல் எண்ணெய்ப் பலகாரம் தின்பவரின் நோய் என்ற எண்ணமே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். குடலிலிருந்து சத்தைச் சுமந்து வரும் ரத்தம் முதலில் போய்ச் சேருவது ஈரலுக்கு. வந்த சர்க்கரையில் ஒரு பகுதியை அது கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கிறது. அந்தக் கிடங்கின் கொள்ளளவு சிறிது, ஏறக்குறைய 100 கிராம். அதற்கு மேலும் மாவுச்சத்து வந்துகொண்டே இருந்தால் உபரியை ஈரலே கொழுப்பாக மாற்றுகிறது. செலவழிக்கத் தசை இல்லை, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை என்றால் அந்தக் கொழுப்பு ஈரல் செல்களிலேயே தங்கிவிடும். இந்தியரின் அன்றாடக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2025-ல் சொன்னது. காலையில் இட்லி, மதியம் சோறு, இடையிடையே சர்க்கரை போட்ட டீ என்று போகும் தறிக்காரர் வீட்டில், ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாகச் சேராமலேயே ஈரலில் கொழுப்பு ஏறலாம். ஈரலின் உட்பகுதியில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால் அது முனகுவதும் இல்லை. பாவில் அறுந்த இழையை முடிந்து முடிந்து நெய்வதைப்போல, கெட்ட இடத்தைத் தழும்புத் திசுவால் ஒட்டிக்கொண்டே வேலையைத் தொடர்கிறது. முடிச்சே துணியாகிவிடும் நாளுக்குத்தான் மருத்துவர்கள் சிரோசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் ஹைதராபாத்தை ஓரமாக வைத்துவிட்டு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். கொல்கத்தா மருத்துவர்கள் அங்கே கிராமத்து ஏழைகள் 1,911 பேரைப் பரிசோதித்து, 2010-ல் ‘ஹெபடாலஜி’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 8.7 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல். அந்த நோயாளிகளில் நான்கில் மூவரின் உடல் எடைக் குறியீடு 25-ஐத் தொடவில்லை. 54 சதவீதம் பேருக்குக் கூடுதல் எடையும் இல்லை, தொந்தியும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தெருவில் பார்த்தால் ‘சத்துக் குறைவு’ என்றுதான் நாம் சொல்லியிருப்போம். புனேயின் மருத்துவர் யாக்னிக், லண்டனின் யுட்கின் இருவரும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே போட்டுக் காட்டியதும் இதைத்தான்: இருவருக்கும் எடைக் குறியீடு 22.3. ஆனால், உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர் உடம்பு வெளியே ஒல்லியாகவும் உள்ளே கொழுப்பாகவும் இருக்கும். 84 எங்கே, 8.7 எங்கே என்று சிலர் கேட்பார்கள். இரண்டிலும் அளந்த முறை வேறு, ஆட்களும் வேறு. அதைவிட முக்கியம், பீர்பூம் எண் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தையது. அதற்குப் பிறகு மைதாவும் மோட்டார் சைக்கிளும் போகாத ஊர் இல்லை. சேவூரில் அதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

அரசின் படிவம் என்ன செய்கிறது? 2021 பிப்ரவரியில் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் கொழுப்பு ஈரலைச் சேர்த்தார்கள்; 2024 செப்டம்பரில் வழிகாட்டுதலைத் திருத்தினார்கள். பாராட்டலாம். ஆனால், அந்தத் திட்டத்துக்காக வீடு வீடாகப் போகும் களப்பணியாளர் கையில் இருக்கும் மதிப்பெண் படிவம் வயதைக் கேட்கிறது, புகை, மது கேட்கிறது, இடுப்பை நாடாவால் அளக்கச் சொல்கிறது, உடலுழைப்பைக் கேட்கிறது. மொத்தம் நான்கைத் தாண்டினால்தான் முன்னுரிமை. நாற்பத்தைந்து வயது நெசவாளப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஓரிரு புள்ளி. புகை இல்லை, குடி இல்லை, இடுப்பு சிறுத்திருக்கிறது, மூன்றுக்கும் பூஜ்யம். நாளெல்லாம் தறி மிதிப்பவருக்கு உழைப்பில் என்ன குறை என்று அங்கேயும் பூஜ்யம். படிவம் மூடப்படும். தறி மிதிப்பது உழைப்பு என்பதை மறுக்கவில்லை; முழங்கால், தோள்பட்டை தேய்வதே சாட்சி. ஆனால், இடத்தைவிட்டு நகராத உழைப்பு மூச்சிரைக்கும் நடைக்கு ஈடாகாது. 2024-ல் தமிழக அரசு தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொழிற்கூடத்தின் வாசலுக்குப் போகிறது. சேவூரின் தொழிற்கூடமோ அடுப்படிக்குப் பக்கத்து அறை. சேலைக்கு ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கித் தந்தவர்கள், அதை நெய்கிற உடம்புக்கு ஒரு குறியீடும் வைக்கவில்லை.

பணமில்லை என்ற பல்லவியும் எடுபடாது. ஃபைப்-4 என்று ஒரு கணக்கு 2006 முதல் இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்கி, ஆயிரத்தில் எண்ணிய தட்டணுக்களை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கிவரும் தொகையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்காரருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணு ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் ‘கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய’ என்று சீட்டை மடித்துத் தந்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் 2.86 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 2.67-ஐத் தாண்டினால் ஈரல் முற்றிய தழும்பாகியிருக்கலாம் என்று சந்தேகித்து மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். டெங்கு காலத்தில் தட்டணுவை எண்ணிப் பழகிய நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இது மலையைப் புரட்டும் வேலையா? 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையோடு படியேறி வருகிறது. சர்க்கரை நோயாளிக்கு ஈரல் தழும்பாகும் ஆபத்து கூடுதல் என்பது உலகமறிந்தது. அதே கையால் ஆண்டுக்கொருமுறை ஒரு குழாய் ரத்தம் எடுத்தால் போதும். கணக்கில் சிக்கியவரைச் சோதிக்க வேலூரும் இருக்கிறது, திருவண்ணாமலையும் இருக்கிறது.

மறுப்பவர்கள் மூன்று வகை. நெசவாளர் ஈரல் குடியால்தான் கெடுகிறது, முதலில் டாஸ்மாக்கை மூடுங்கள் என்பார்கள். தாராளமாக மூடுங்கள். கைத்தறியில் முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்ற பிறகும் இதையே சொல்பவரோடு வாதிட்டுப் பயனில்லை. கீழாநெல்லி இருக்கக் கவலை ஏன் என்பது அடுத்த வகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவும் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்கும் 1988-ல் ‘லான்செட்’ இதழில் எழுதியது மஞ்சள் காமாலைக் கிருமியைப் பற்றி. 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள், பிற்பாடு வேறு ஊர்களில் அது நிரூபணமாகவில்லை. கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண்டுபிடித்து என்ன செய்ய, மருந்து ஏது என்பது கடைசி வகை, ஓரளவு படித்தவர்களுடையது. அமெரிக்காவில் 2024-ல் ரெஸ்மெடிரோமும் 2025-ல் செமாகுளூடைடும் இந்த நோய்க்கு அனுமதி பெற்றுவிட்டன. அவை எட்டாக்கனியாகவே இருக்கட்டும். ஒல்லியானவர் எடையில் மூன்று முதல் ஐந்து சதவீதம் குறைத்தாலே ஈரல் கொழுப்பு வடியத் தொடங்குகிறது. ஐம்பது கிலோக்காரருக்கு அது ஒன்றரை முதல் இரண்டரை கிலோ. சோற்றைக் குறைத்துப் பருப்பும் காயும் கூட்டுவது, தறியிலிருந்து எழுந்து மாலையில் அரை மணி வேகமாக நடப்பது ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. ஃபைப்-4 சில நேரம் நல்ல ஈரலையும் சந்தேகிக்கும், உண்மைதான். வீணாக ஒருமுறை வேலூர் பேருந்து ஏறுவதால் யாரும் குடிமுழுகிப் போவதில்லை.

ஈரல் முற்றிலும் பழுதான பிறகு மாற்று அறுவைக்கு லட்சக்கணக்கில் காப்பீட்டு நிதி ஒதுக்கும் அரசு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு குழாய் ரத்தத்துக்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனம் ஆகாது, கண்மூடித்தனம். ஆகஸ்ட் 7 கைத்தறி நாளில் விருதும் பொன்னாடையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது போதும். நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியலைச் சுகாதாரத் துறையிடம் கொடுத்து, முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இடுப்பை அளக்காமல் ஈரலை அளக்கட்டும். சேவூரில் தொடங்கினால் ஓராண்டில் ஹைதராபாத் ஆய்வைவிடப் பல மடங்கு பெரிய கணக்கு கையில் இருக்கும். அதன் பிறகு ஃபேட்டி லிவர் ஐ.டி.காரர் நோய் என்று நாடாளுமன்றத்தில் யாரும் சொல்ல முடியாது.