பழைய லாரிக்குக் கடன்: ஸ்ரீராம் நிறுவனம் எதிர்கொள்ளும் புதிய போட்டி

நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் லாரி ஓட்டுநராகத் தொழிலைத் தொடங்கிய ஒருவர், காலப்போக்கில் பழைய லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரராவது புதிய செய்தியல்ல. அவரிடம் சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ பெரும்பாலும் இருப்பதில்லை. வங்கிகள் நெடுங்காலம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரை நம்பிக் கடன் கொடுத்தே சென்னையைச் சேர்ந்த ஸ்ரீராம் குழுமம் வளர்ந்தது.

1974இல் ஆர். தியாகராஜனும் அவரது கூட்டாளிகளும் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய இக்குழுமம், 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸை ஆரம்பித்தது. அது 2022இல் ஸ்ரீராம் சிட்டி யூனியனுடன் இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனது. 2025 மார்ச் இறுதியில் அது நிர்வகித்த கடன்கள் சுமார் 2.63 லட்சம் கோடி ரூபாய்.

கனடா போன்ற நாடுகளில் கார் வாங்க வருபவரின் கடன் மதிப்பெண்ணைக் கணினி சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. பழைய லாரிக் கடனில் அப்படியல்ல. வண்டியின் நிலையையும் ஓட்டுநரின் பேரையும் ஊரில் விசாரித்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இன்னொரு லாரிக்காரர் ஜாமீன் நிற்பதும் உண்டு. இதற்குக் கிளைகளும் ஆட்களும் தேவை. வட்டி அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்; ஒரே காரணம் என்று கூறிவிட முடியாது.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பலமான போட்டியாளர்கள் உள்ளனர். 1954இல் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தே கடன் தரும் நிறுவனம் என்று பெயர் பெற்றது. முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் 1978இல் தோன்றியது. ஆயினும் கடுமையான போட்டி வங்கிகளிடமிருந்தே வருகிறது. முதல் கடனை ஒழுங்காக அடைத்து, புதிய லாரி வாங்கும் நிலைக்கு உயர்ந்தவரைக் குறைந்த வட்டி காட்டி வங்கி அழைத்துக்கொள்கிறது. போதாதற்கு, இந்நிறுவனங்களுக்குப் பணம் தருவதும் இதே வங்கிகள்தாம். 2023 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி அக்கடன்களுக்கான மூலதன விதிகளை இறுக்கியபோது இந்தச் சார்பு வெளிப்பட்டது. 2025இல் அவ்விதி தளர்த்தப்பட்டது.

2025 டிசம்பரில் ஜப்பானின் எம்யூஎஃப்ஜி வங்கி ஸ்ரீராமின் 20 சதவீதப் பங்குகளைச் சுமார் 39,600 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவிக்கப்பட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மலிவான பணம் கிடைத்தால் வங்கிகளோடு மோதலாம். ஆனால் அப்படி மோதும் நிறுவனம் புதிய லாரி, பெரிய வாடிக்கையாளர் என்று நகர்ந்தால், பழைய லாரிக்காரர் மீண்டும் கந்துவட்டிக்காரரிடமே போய் நிற்க நேரிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதிய லாரியின் விலை இறங்கினால் பழையதன் மதிப்பும் இறங்கும். அதாவது, ஏற்கனவே கடன் வாங்கியவர் கையிலிருக்கும் அடமானம் சுருங்குகிறது. தவணை தவறினால் வண்டியை விற்றும் கடன் தீராது.

அப்போது வசூல் முறை முக்கியமாகிறது. அடியாட்களை வைத்து வாகனங்களைப் பறிமுதல் செய்வதை உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்தது. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டில் டிராக்டர் கடன் வசூலின்போது கர்ப்பிணி ஒருவர் உயிரிழந்ததாக எழுந்த புகாரை அடுத்து, மஹிந்திரா ஃபைனான்ஸ் வெளியாட்களைக் கொண்டு வசூலிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அடுத்த ஜனவரியில் தடை நீங்கியது. வண்டி பறிபோன ஓட்டுநருக்குப் பிழைப்பும் அன்றோடு நின்றுவிடுகிறது என்பதை எந்த விதியும் இதுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.