புற்றுநோய் வலிக்கு எஸ்.ஆர். மாத்திரை மட்டும் போதாது

1/ புற்றுநோய் முத்தின நோயாளிக்கு மார்ஃபின் எஸ்.ஆர். மட்டும் எழுதி, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு"ன்னு அனுப்பி வைக்கிறது பாதி வைத்தியம். எங்க கோவில்பட்டி பக்கம் சில வீடுகள்ல அது உயிருக்கே ஆபத்து. ஏன்னு சொல்றேன்.

2/ ரெண்டு மாத்திரையிலயும் இருக்கிறது ஒரே மார்ஃபின்தான். சாதா மாத்திரை வயித்துல சீக்கிரம் கரையும். அரை மணி நேரத்துல வலி இறங்க ஆரம்பிக்கும், நாலு மணி நேரம் தாங்கும். எஸ்.ஆர். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடும், 12 மணி நேரம் தாங்கும்.

3/ "எஸ்.ஆர்.னா பவர் ஜாஸ்தி"ங்கிறது தப்பு. சாதா 10 மி.கி. ஒரு நாளைக்கு 6 தடவை, மொத்தம் 60. எஸ்.ஆர். 30 மி.கி. 2 தடவை, அதே 60. வாய்க்கால்ல விட்டாலும் சொட்டுநீர்ல விட்டாலும் கிணத்துத் தண்ணி ஒண்ணுதான்.

4/ புண்ணுக்குக் கட்டு மாத்தும்போது, புரட்டிப் படுக்க வைக்கும்போது வலி திடீர்னு ஏறும். மெல்லக் கரையுற மாத்திரை அப்போ உதவாது. உலக சுகாதார நிறுவனத்தோட 2018 வழிகாட்டி தெளிவாச் சொல்லுது: தொடர்ந்து கொடுக்க ரெண்டுல எதுவும் சரி, எதைக் கொடுத்தாலும் திடீர் வலிக்குச் சாதா மாத்திரை கையில இருக்கணும்.

5/ இப்போ ஆபத்துக்கு வர்றேன். வாய், தொண்டைப் புற்று உள்ளவங்களால மாத்திரையை விழுங்க முடியாது. வீட்டுல என்ன பண்ணுவாங்க? இடிச்சுக் கஞ்சியில கரைப்பாங்க. சாதா மாத்திரையை அப்படிக் கொடுக்கலாம். எஸ்.ஆரை இடிச்சா 12 மணி நேர மருந்து ஒரேயடியா ரத்தத்துல ஏறும். மூச்சே அடங்கிப் போகலாம்.

6/ "காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போற வீட்டுல, நாலு மணிக்கு ஒருக்கா யாரு சார் கொடுப்பா?" நியாயமான கேள்வி. அதனாலதான் எஸ்.ஆர். வேணாம்னு நான் சொல்லல. முதல்ல சாதா மாத்திரையில அளவைக் கண்டுபிடிங்க. அப்புறம் விழுங்க முடியுறவங்களுக்கு எஸ்.ஆர். கொடுங்க. கூடவே ஒரு அட்டை சாதா மாத்திரையும் கொடுங்க.

7/ "போதை மருந்து, வம்பு எதுக்கு?"ன்னு இன்னும் ஒதுங்குறோம். 1985 சட்டம் போட்ட பயம் அது. 2014-ல அந்தச் சட்டத்தையே திருத்தி, மார்ஃபின் வாங்கி வைக்கிற வழியைச் சுலபமாக்கியாச்சு. சட்டம் மாறியும் நாம மாறலேன்னா எப்படி?

8/ அமெரிக்காவைக் காட்டிப் பயமுறுத்துறாங்க. 1996-ல அங்க விற்பனைக்கு வந்த ஆக்சிகான்டினும் மெல்லக் கரையுற மாத்திரைதான். போதைக்கு அடிமையாகுற வாய்ப்பு கம்மின்னு பொய் சொல்லி வித்த கம்பெனி 2007-ல குற்றத்தை ஒப்புக்கிச்சு. ஜனங்க அதையும் இடிச்சுத்தான் போதைக்குப் பயன்படுத்தினாங்க. அங்க கொட்டிக் கொடுத்தது தப்பு. இங்க வலியில துடிக்கிறவருக்குக் கொடுக்காம இருக்கிறது தப்பு.

9/ 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம், ஆதரவு சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு போகுது. விளாத்திகுளத்துக்காரர் 10 மி.கி. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறக் கூடாது. தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் சாதா மார்ஃபின் இருக்கணும்.

10/ சக டாக்டர்களுக்கு: மலச்சிக்கல் மருந்தையும் சேர்த்து எழுதுங்க. எஸ்.ஆர். எழுதினா சீட்டுல பெருசா, தமிழ்ல எழுதுங்க: "இடிக்கக் கூடாது, கரைக்கக் கூடாது, முழுசா விழுங்கணும்."