ஓர் இரவு அறையும் ஒரு கஜுப் பைக்கற்றும்



எம்மில் பலருக்கு விமான நிலையம் என்றால் யாரையாவது அனுப்பி வைக்கும் இடம், அல்லது யாரையாவது பார்த்துக்கொண்டு நிற்கும் இடம். பிள்ளைகள் கனடாவில், சகோதரர்கள் சுவிசில், சிலருடைய மகள்மார் குவைத்தில். பலாலி விமான நிலையம் 2019இல் மீண்டும் திறக்கப்பட்டு சென்னைக்கு விமானங்கள் பறந்தாலும், கனடாவுக்கோ மத்திய கிழக்குக்கோ போகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் இன்னமும் கட்டுநாயக்காவுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. வன்னியில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ போனால் ஒரு முழு இரவுப் பயணம். விமானமோ பெரும்பாலும் நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும்தான். ஆகவே ஓர் இரவாவது அங்கே எங்கேயாவது தங்க வேண்டும். இம்முறை அந்த ஓர் இரவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் மாதம், எங்கள் ஊர் அக்கா ஒருவர் கனடாவில் இருக்கும் மகனிடம் புறப்பட்டார். மகனை அவர் கடைசியாகப் பார்த்தது 2008இல். பேரப்பிள்ளையைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். தனியே போகப் பயம் என்று, கட்டுநாயக்கா வரை என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். விமான ரிக்கற்றை மகன் அனுப்பிவிட்டான். வழிச்செலவை மட்டும் தானே பார்ப்பேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். ஆட்டுக்குட்டி விற்ற காசும் சீட்டுக் காசும் சேர்த்து, விடுதிச் செலவுக்கென்று 15,000 ரூபாவைத் தனியாக ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார்.

விடுதிக்குத் தொலைபேசியில் கதைத்தது நான்தான். "இரண்டு பேருக்கு ஏசி அறை 9,000 ரூபா. சுடுதண்ணீர் இருக்கிறது, காலைச் சாப்பாடு இருக்கிறது, எயார்போட் போக வான் இருக்கிறது" என்றார்கள். நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்துவிடுவோம் என்று சொன்னேன். "வாருங்கள்" என்றார்கள். மனக்கணக்குப் போட்டேன். 15,000இல் 9,000 போனால் 6,000 மிச்சம். அக்காவுக்கும் நிம்மதி.

விமானம் அடுத்த நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு. மூன்று மணித்தியாலம் முன்னதாக உள்ளே போனால் போதும். எனினும் அக்கா ஒரு நாள் முந்தியே போகவேண்டும் என்று நின்றார். ஓமந்தையில் இறங்கி, பை பிரித்து, வரிசையில் நின்று பழகியவர்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவோம் என்ற நம்பிக்கை இலகுவில் வராது. நானும் மறுத்துச் சொல்லவில்லை.

விடிய ஐந்து மணிக்கு நீர்கொழும்பு வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டோ பிடித்துப் போனோம். வரவேற்பு மேசையில் இருந்தவர் முதலில் கேட்டது, "ஆம்பிளை ஆரும் வரேல்லையா?" என்பதைத்தான். இல்லை என்றேன். அடையாள அட்டைகளைப் பார்த்துப் பதிந்துவிட்டு, ஆறு மணிக்குத் திறப்பைத் தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அறை துப்புரவாக இருந்தது. இரண்டு கட்டில், வெள்ளை விரிப்பு, மடித்து வைத்த துவாய்கள், சின்னச் சவர்க்காரக் கட்டிகள். மேசையில் இரண்டு போத்தல் தண்ணீர், ரீ போடக் கேத்தில். பக்கத்தில் ஒரு தட்டில் இரண்டு ரின் பழரசமும் ஒரு பைக்கற் கஜுவும். அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எங்களுக்கெண்டு எல்லாம் வைச்சிருக்கினம் பிள்ளை" என்றார். மத்தியானம் ஒரு ரின்னை உடைத்து இருவரும் பகிர்ந்து குடித்தோம். கஜுவை அவர் உடைக்கவில்லை. பேரனுக்கென்று தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரவு பதினொன்றரைக்குக் கணக்கு முடிக்கப் போனோம். பில்லைத் தந்தார்கள். 19,470 ரூபா.

அக்காவின் முகம் வெளிறிப்போனது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, அந்தப் பதினைந்தையும் மேசையில் வைத்துவிட்டு, "மிச்சத்துக்குத் தோட்டைக் கழட்டித் தரட்டோ?" என்று என் காதுக்குள் கேட்டார். பில் பிழையாக இருக்கலாம் என்று அவர் நினைக்கவே இல்லை. கேட்கலாம் என்றும் நினைக்கவில்லை.

அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் இருந்தேன். 2007இல் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தோம். முதல் நாள் ஒரு வாடகை, மூன்றாம் நாள் இன்னொரு வாடகை. பொலிஸ் பதிவுக்கென்று வேறு காசு. ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் வெளியே போ என்பார்கள். வெளியே போனால் எங்கே போவது? அந்த ஆண்டு ஜூன் 7ஆம் திகதிதான் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் தலைக்கு மேல் கூரை இருந்ததே பெரிது. கேட்ட காசைக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கப் பழகினோம். காலம் மாறிய பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

அன்றிரவு அக்காவின் தோட்டைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. "காசை உள்ளே வையுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த பொடியனிடம் பில்லை வரிவரியாக விளங்கப்படுத்தச் சொன்னேன். தட்டுத்தடுமாறிய சிங்களம்தான். ஆனாலும் "மே மொகட்டத?", "மேக்க கீயத?" என்று கேட்க அது போதும்.

அறை 9,000. நேரத்தோடு வந்ததற்கு அரை நாள் வாடகை 4,500. பழரசம் 600. கஜு 900. எல்லாம் 15,000. அதன்மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம் 1,500. அந்த 16,500க்கு 18 வீதம் பெறுமதி சேர் வரி 2,970. ஆக 19,470. கூட்டலில் பிழை இல்லை.

ஒவ்வொன்றாகக் கதைத்தேன். "ஐந்து மணிக்கு வருவோம் என்று நான் தொலைபேசியில் சொன்னேன். அப்போதும் சொல்லவில்லை, காலையில் திறப்பைத் தரும்போதும் அரை நாள் காசு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு மணி வரை வெளியில் இருந்திருப்போம்" என்றேன். அந்தப் பொடியன் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தான். கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு 4,500ஐ வெட்டினான். கஜுப் பைக்கற் உடைக்கவில்லை, திருப்பித் தரலாமா என்று கேட்டேன். ஓம் என்றான். அக்கா கைப்பையைத் திறந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். அந்த நேரம் அவர் என்னைப் பார்க்கவில்லை.

சேவைக் கட்டணமும் வரியும் குறைக்க முடியாது என்றான். அறைக் கதவின் பின்பக்கம் ஒட்டியிருந்த தாளில், வாடகையுடன் அவை தனியாகச் சேரும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். அதை நான் வாசித்துப் பார்க்கவில்லை. அது என் கவலையீனம், ஒப்புக்கொண்டேன். புதிய பில் 12,460 ரூபா 80 சதம். வான் போய்வர 2,000. அக்காவின் பதினைந்துக்குள் முடிந்தது.

பிறகு இன்னுமொன்றும் கேட்டேன். வாடகைக்குள் காலைச் சாப்பாடும் அடக்கம் என்றீர்களே, நாங்கள் நடுச்சாமத்தில் போகிறோமே என்றேன். அவன் குசினிக்குள் போய் சான்ட்விச்சும் வாழைப்பழமும் வைத்து இரண்டு பார்சல் கட்டிக்கொண்டு வந்தான். கேட்டிராவிட்டால் அதுவும் இல்லை.

அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு அதே வானில் திரும்பி வந்து, அறையின் கொண்டியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். அடுத்த நாள் பகல் 12 மணி வரை அந்த அறை எங்களுடையதுதானே. ஒரு பெண் தனியாக நடுச்சாமத்தில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கவேண்டிய தேவை இருக்கவில்லை. விடிந்த பிறகு ஆறுதலாக ஊருக்குப் புறப்பட்டேன்.

சகோதரிகளே, உங்களில் யாருக்கும் இப்படி ஒரு பயணம் வரலாம். அறை பதியும் முன்னர் இவற்றைக் கேளுங்கள்.

1. "எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு?" சேவைக் கட்டணம் வழக்கமாகப் பத்து வீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். இரண்டும் சேர்ந்தால் 9,000 ரூபா அறை 11,682 ரூபா ஆகிறது. "பிளஸ் பிளஸ்" என்றால் இவை தனி. "நெற்" என்றால் எல்லாம் அடக்கம். பதிவு செய்த நிறுவனங்கள் மட்டுமே பெறுமதி சேர் வரி அறவிடலாம். பில்லில் அதன் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. "வாடகை அறைக்கா, ஆளுக்கா?" மூன்றாவது ஆளுக்கோ மேலதிகக் கட்டிலுக்கோ எவ்வளவு என்றும் கேளுங்கள். வாடகையை டொலரில் சொன்னால், உள்ளூர்வாசிக்கு வேறு வாடகை உண்டா என்று விசாரியுங்கள். பல இடங்களில் உண்டு. அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

3. "எத்தனை மணிக்கு அறை தருவீர்கள்?" பொதுவாகப் பகல் இரண்டு மணிக்குத் தந்து, மறுநாள் 12 மணிக்கு எடுப்பார்கள். முந்திப் போனால் மேலதிகமாக எவ்வளவு என்று கேளுங்கள். சில மணித்தியாலங்கள் மட்டும் தங்குவதென்றால் பகல்நேர வாடகை உண்டா என்று கேளுங்கள். அது குறைவாக இருக்கும்.

4. "வான் இலவசமா, காசா?" இருக்கிறது என்று சொல்வது வேறு, இலவசம் என்பது வேறு. போகமட்டுமா, போய்வரவா என்பதையும் தெளிவாக்குங்கள்.

5. "காலைச் சாப்பாடு அடக்கமா?" அடக்கம் என்றால், விடிய முந்திப் போகிறவர்களுக்குப் பார்சல் கட்டித் தருவார்களா என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

6. "அறையில் இருப்பவற்றில் எதற்குக் காசு?" சவர்க்காரம், துவாய், ரீத்தூள் ஆகியவற்றுக்குப் பொதுவாகக் காசு இல்லை. தட்டிலும் சின்னக் குளிர்சாதனப் பெட்டியிலும் இருக்கும் தின்பண்டங்களுக்கும் சோடாவுக்கும் காசு. தண்ணீர்ப் போத்தலையும் கேட்டுவிட்டே உடையுங்கள்.

7. காசு கட்டும் முன் அறையைப் பாருங்கள். கதவின் கொண்டி உள்ளே இருந்து சரியாகப் பூட்டுகிறதா? யன்னல் பூட்டுகிறதா? சுடுதண்ணீர் வருகிறதா? பிடிக்காவிட்டால் வேறு அறை கேட்கலாம். தனியாகப் போகும் பெண்ணுக்கு ஏசியை விட நல்ல கொண்டிதான் முக்கியம்.

தொலைபேசியில் கதைத்தவரின் பெயரையும் சொன்ன தொகையையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டைப் பார்த்துப் பதியட்டும், ஆனால் மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள். கதைத்தும் தீராத முறைப்பாடு என்றால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

2025 பெப்ரவரியில் அக்கா திரும்பி வந்தார். கூட்டிவர நான்தான் போனேன். இம்முறை வேறொரு விடுதி. இந்த ஏழையும் தொலைபேசியிலேயே கேட்டேன். மறுபக்கத்தில் இருந்த பெண் ஆறுதலாகப் பதில் சொல்லி, "எல்லாம் சேர்த்து நெற்" என்று ஒரே தொகையாகச் சொன்னார். அடுத்த நாள் காலை நாங்கள் கொடுத்ததும் அதே தொகைதான்.

பணம் கட்டும்போது அக்கா என் கையில் இருந்து பில்லை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலாவது வரியில் இருந்து பார்க்கத் தொடங்கினார். வானுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

"நிக்கட்டும் பிள்ளை, பார்த்துப்போட்டு வாறன்" என்றார்.